இடது காறையெலும்புக்கு மேலே

விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் ஏதாவது சொல்ல வேண்டிவரும். விரல் அங்கேயே இருக்கிறவரை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், பார்த்து முடிக்காதவளிடம் யாரும் முடிவைக் கேட்க முடியாது. அம்மா ஸ்டூலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். சர்ச்சுக்குக் கட்டிய சேலையை மாற்றிவிட்டு வீட்டுச் சேலையில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியாயிற்று, தையல் மிஷின் மேல் பாதி தைத்த ஜாக்கெட் ஒன்று கைகளை விரித்துக் கிடக்கிறது, எதிர்ச்சுவரில் ஜாக்கெட் போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காகச் சாய்த்துவைத்த நிலைக்கண்ணாடி, பக்கத்து வீட்டு டிவியில் யாரோ விடாமல் சிரிக்கிறார்கள். நாளைக்கு எனக்குச் செய்முறைத் தேர்வு. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் இதுதான் கடைசித் தேர்வு. ஒரு நோயாளியைத் தலை முதல் கால் வரை நானே பரிசோதித்து, நானே நோயைச் சொல்லி, என்ன செய்யலாம் என்றும் நானே சொல்ல வேண்டும். அதற்கு ஒத்திகை பார்க்க எனக்கு ஒரு உடம்பு வேண்டும், அந்த உடம்பு எப்போதும் அம்மாதான். கண், நாக்கு, நகம் பார்த்தாயிற்று. கழுத்தில் நெறிக்கட்டு பார்க்க நோயாளியின் பின்னால்தான் நிற்க வேண்டும், நின்றேன். தாடைக்குக் கீழே ஒன்றுமில்லை. காதுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. தோளைக் கொஞ்சம் தூக்கும்மா என்றேன், தூக்கினாள். வலது காறையெலும்புக்கு மேலே இருக்கிற குழி, ஒன்றுமில்லை. இடது பக்கம் விரலை இறக்கினேன். இருக்கிறது. சின்னதுதான், துணிக்கு உள்பக்கம் தைத்த பித்தான் மாதிரி. தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. வலிக்குதாம்மா என்று கேட்டேன், இல்லட்டி என்றாள். வலிக்குது என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வலித்தால் நல்லது. வலித்தால் புண், சளி, பல் சொத்தை, ஏதோ ஒரு சில்லறைக் காரணம். பிறத்தியார் வீட்டு அம்மாவாக இருந்தால் இந்த நேரம் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கிறேன், யோசிக்க வேண்டியதே இல்லை, கமலவல்லி மேடம் முதல் வருஷத்தில் கரும்பலகையில் ஒரு உடம்பை வரைந்து, வயிற்றிலிருந்து மார்புக்குள் கோடு இழுத்து, இடது கழுத்தின் அடியில் கொண்டுபோய் ஒரு புள்ளி வைத்தார்கள். வயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது எல்லாம் இங்கே வந்துதான் முகத்தைக் காட்டும், இந்த இடத்தில் கல்லாக ஒன்று தட்டுப்பட்டால் கழுத்தைப் பார்க்காதீர்கள், வயிற்றைப் பாருங்கள் என்றார்கள். நான் அந்தப் புள்ளிக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். எனக்குப் பக்கத்தில் இருந்த ஷீபா, இதெல்லாம் நம்ம கைக்கு எங்கே தட்டுப்படப்போகிறது என்றாள். இதோ தட்டுப்பட்டுவிட்டது. வயிற்றைப் பாருங்கள். வயிறு. அம்மா இப்போதெல்லாம் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறாள், வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு என்கிறாள், வயசானா அப்படித்தான் என்கிறாள், அவளுக்கு அப்படியொன்றும் வயசாகிவிடவில்லை. இன்று மத்தியானம் ஆட்டுக்கறி எனக்கு அள்ளி அள்ளி வைத்துவிட்டுத் தன் தட்டில் சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள். கிளறினதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, நாளைக்குக் கேட்கக்கூடிய கேள்விகளை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு சாப்பிட்டேன். சற்று முன்னால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோதும் வெளிறித்தான் இருந்தது, லேசா ரத்தம் கம்மியா இருக்கும்மா என்றேன், அது எனக்கு எப்பவும் உள்ளதுதான என்றாள், நானும் சிரித்துக்கொண்டு நாக்குக்குப் போய்விட்டேன். இப்போது பின்னால் நின்று குனிந்து பார்த்தால் ஜாக்கெட்டின் உள்தையல் தெரிகிறது. பழைய தையலுக்கு உள்ளே ஒரு புதுத் தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று. ஊரார் ஜாக்கெட்டையெல்லாம் பிரித்து விடுகிறவள் தன் ஜாக்கெட்டை மட்டும் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லையா. மெலிந்தது நல்லதுதான் என்று நினைத்தாளோ. நான்கூடச் சொன்னேனே, கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, ஸ்லிம் ஆயிட்டியேம்மா என்று. படித்த வாய்.

காசநோயாகவும் இருக்கலாம். நம் ஊரில் கழுத்தில் நெறி கட்டினால் பாதிக்குப் பாதி காசநோய்தான், மாத்திரை இருக்கிறது, மாதக்கணக்கில் போட்டால் போய்விடும், மெலிவதும் பசியில்லாததும் அதிலும் உண்டு. கர்த்தாவே, காசநோயாக இருக்கட்டும். இப்படி ஒரு ஜெபத்தை எந்தப் பிள்ளையாவது தன் அம்மாவுக்குச் செய்திருக்குமா. ஆனால் அது ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும், கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும், இது தனியாக இருக்கிறது, கல்லாக இருக்கிறது, நகர மாட்டேன் என்கிறது, இன்னொரு தடவை தள்ளிப் பார்க்கலாமா, வேண்டாம், தள்ளித் தள்ளிப் பார்த்தால் அவளுக்குச் சந்தேகம் வரும். விரலைச் சும்மா வைத்திருக்கிறேன். விரலுக்குக் கீழே பக்கத்தில் ஒரு நாடி துடிக்கிறது. அது ஒழுங்காகத்தான் துடிக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். இந்த விரல் இத்தனை தெரிந்து வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. டிப்ளமோவோடு நின்றிருந்தால் இந்த விரலுக்கு ஊசி போடத் தெரியும், நரம்பு பிடிக்கத் தெரியும், ரத்தக்கொதிப்புப் பார்க்கத் தெரியும், கழுத்தில் இருப்பதைத் தொட்டு வயிற்றைப் படிக்கத் தெரிந்திருக்காது. என்னம்மா கட்டி மாதிரி இருக்கு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவோம் என்று சொல்லிவிட்டு ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஆனால் நிற்கவில்லையே. பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கின மார்க்குக்கு டாக்டர் படிப்பு எட்டவில்லை, எட்டாததற்கு நான் அழுதேன், அம்மா அழவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் டிப்ளமோ நர்சிங் சேர்த்துவிட்டாள். நீலக்கட்டம் போட்ட யூனிஃபார்மை இதே மிஷினில் தைத்தாள். கை வளருகிற பிள்ளை என்று உள்ளே துணி மடித்து விட்டிருந்தாள், பதினெட்டு வயசுக்கு மேல் என்ன கை வளரும் என்று ஹாஸ்டலில் சிரித்தார்கள். பிறகு வேலை, தீவிர சிகிச்சைப் பிரிவில், வெள்ளை யூனிஃபார்ம், அதையும் தைத்தாள். வேலைக்குப் போய்க் கொஞ்ச காலத்திலேயே எனக்கு ஒரு அரிப்பு. கட்டிலில் கிடக்கிற ஆள் சரியில்லை என்று எனக்குத் தெரிகிறது, ஏன் சரியில்லை என்று சொல்லத் தெரியவில்லை, டாக்டர் என்ன சிஸ்டர் என்றால் என்னவோ மாதிரி இருக்கார் சார் என்பேன், என்னவோ மாதிரின்னா என்ன மாதிரி என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்று டிப்ளமோக்காரர்களுக்கான டிகிரியில் சேர்ந்தேன். ஏற்கெனவே நர்சுதான, மறுபடியும் எதுக்கு நர்சுக்குப் படிக்கா என்று கேட்டார்கள். முடித்துவிட்டு மறுபடியும் தீவிர சிகிச்சைப் பிரிவு. அந்த அனுபவம் இருந்தால்தான் அடுத்த படிப்புக்கே எடுப்பார்கள். அதற்குள் எனக்குக் கல்யாண வயசு வந்து நின்று, கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எலிசா பெரியம்மா ஒருநாள் வாசலில் நின்று, உம் மக ஏணியில ஏறுதாளா இல்ல ஏணிய நீட்டிக்கிட்டே போறாளா அற்புதமணி என்று கேட்டாள். இந்தத் தடவை என்ன படிப்பு, டாக்டருக்கா என்றாள். இல்ல, டாக்டருக்கும் நர்சுக்கும் நடுவுல என்றாள் அம்மா. நடுவுல என்ன இருக்கு என்றாள் பெரியம்மா. அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, நடுவுல எம் மக இருக்கா என்றாள்.

இந்தப் படிப்புக்கென்று அவள் தைத்த வெள்ளைக் கோட்டு. நடுவில் இருக்கிறவளுக்குக் கோட்டு எவ்வளவு நீளம் என்று அவளுக்கு ஒரு குழப்பம். டாக்டர் கோட்டு முழங்கால் வரை, மாணவர் கோட்டு இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம், உனக்கு எம்புட்டு என்று டேப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. ரெண்டுக்கும் மத்தியில் வெட்டினாள். கோட்டைப் போட்டுக்கொண்டு இந்தக் கண்ணாடி முன்னால் நின்றேன், அம்மா பின்னால் நின்று தோள்பட்டையை இழுத்துவிட்டாள். அப்போது அவள் கழுத்து எப்படி இருந்தது. அப்போது இருந்ததா. தெரியாது, நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டில் ஸ்டெதாஸ்கோப்புக்கென்று தனியாக ஒரு ஆழமான பை வைத்திருந்தாள், அந்தப் பையில் நான் பேனாவும் மிட்டாயும் போட்டுக்கொள்கிறேன், ஸ்டெதாஸ்கோப்பு கழுத்தில் தொங்கினால்தான் நன்றாக இருக்கிறது.

டாக்டர் வந்து சொல்வார். இதுதான் நான் என் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வாக்கியம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உறவுக்காரர்கள் நிற்பார்கள், நான் மருந்து எடுக்கப் போகும்போது வழிமறிப்பார்கள், சிஸ்டர் எப்படி இருக்கு, சிஸ்டர் பிழைச்சிருவாரா. டாக்டர் வந்து சொல்வார்மா. அதைச் சொல்லும்போது குரலை எப்படித் தணிக்க வேண்டும், எந்த அளவுக்கு முகத்தில் சிரிப்பு வேண்டும், எல்லாம் பழகிவிட்டது. ஒரு பெண், கயத்தாறுப் பக்கம், புருஷன் வெண்டிலேட்டரில், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உனக்குத் தெரியும் தாயி, உன் முகத்துல தெரியுது, நீ சொல்ல மாட்டேங்குத என்றாள். எனக்குத் தெரியும்தான். ஆனாலும் டாக்டர் வந்து சொல்வார் என்றேன். அப்படிச் சொல்வதில் ஒரு நிழல் இருக்கிறது, அதற்குள் நின்றுகொள்ளலாம், வெயில் டாக்டர் மேல் விழும். கமலவல்லி மேடம் முதல் நாளே அந்த வாக்கியத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனி நீங்கள்தான் பார்க்கிறீர்கள், நீங்கள்தான் சொல்கிறீர்கள், டாக்டர் வந்து சொல்வார் என்பதை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். எல்லாரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் ஏறி வந்தது இதற்குத்தானே, நானே பார்த்து நானே சொல்வதற்கு. இப்போது அந்தச் செருப்பை மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது. அம்மா, டாக்டர் வந்து சொல்வார். எந்த டாக்டர், எங்கே வருவார், இந்த வீட்டில் இருப்பது நானும் அவளும்தான்.

பேசாமல் இல்லை என்று சொல்லிவிடலாம். ஒத்திகையில் அடுத்தது அதுதான். நெறிக்கட்டு இல்லை. நாளைக்குத் தேர்வு முடியட்டும், அதற்கு மறுநாள் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி, ரத்தம் கம்மியா இருக்கு, டானிக் எழுதி வாங்குவோம் என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய், வாய்க்குள் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கச் சொல்லி. ஒரு நாள்தானே. ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. ஒரு நாளா. சரியாக யோசி பியூலா. ஒரு நாளா. இந்த ஒத்திகை இன்றைக்கா ஆரம்பித்தது. படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற ஞாயிறெல்லாம் இதே ஸ்டூல், இதே அம்மா. முதலில் ஆங்கிலத்தில்தான் சொல்லிப் பார்த்தேன், அம்மாதான் எனக்குப் புரியுற மாதிரி சொல்லேம்ட்டி, எவ உடம்பு இது என்றாள், அதனால் தமிழில். வெளிறல் இல்லை, மஞ்சள் இல்லை, நீலம் பாரிக்கவில்லை, நகத்தில் வீக்கம் இல்லை, நெறிக்கட்டு இல்லை, கால் வீக்கம் இல்லை. மனப்பாட வசனம் மாதிரி ஒரே மூச்சில். கை எங்கேயும் போகாது. படிக்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான், அது சும்மா முன்னுரை, மூச்சுவிட்டுத் தயாராவதற்கு, நெஞ்சுச் சத்தமும் வயிறும்தான் நிஜப் பரிசோதனை, மார்க்கு அங்கேதான். வயிற்றைக்கூட வலது பக்கம் கல்லீரல் ஓரத்தை எப்படித் தேடுவது என்று அழுத்தி அழுத்திப் பார்ப்பேன், அம்மாவுக்குக் கூச்சம் வந்து நெளிவாள், மேல் வயிற்றில் விரல் பட்டால் மட்டும் இறுக்கிக்கொள்வாள், வயிற்றை லூசா விடும்மா, இப்படி இறுக்கினால் எனக்கு மார்க் போய்விடும் என்று அதட்டியிருக்கிறேன். இறுக்கினாள். ஏன் இறுக்கினாள் என்று கேட்காமல் அதட்டியிருக்கிறேன். ஆறு இல்லைகளையும் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது, நான் திணறினால் அவள் எடுத்துக் கொடுப்பாள், மஞ்சளுக்கு அப்புறம் நீலம்ட்டி என்பாள். இன்றைக்கு மட்டும் நான் ஏன் தொட்டேன் என்றால் நேற்று ஷீபா போன் செய்து, வெளியிலிருந்து வருகிற பரீட்சைக்காரர் பொல்லாதவராம், ஒவ்வொரு இல்லைக்கும் உன் கை எங்கே போச்சு என்று கேட்பாராம், கை போகாத இல்லைக்கு மார்க் கிடையாதாம் என்று சொன்னதால். அம்மாவுக்காகத் தொடவில்லை. அந்தப் பொல்லாத மனுஷனுக்காகத் தொட்டேன்.

அப்படியானால் இது எப்போதிருந்து இருக்கிறது. போன ஞாயிறு இருந்ததா. அதற்கு முந்தின மாதம். கிறிஸ்துமஸில். பித்தான் ஒரு நாளில் முளைப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் இல்லை என்று சொல்லச் சொல்ல அது இருந்துகொண்டே இருந்திருக்கிறது, என் குரலைக் கேட்டுக்கொண்டு, என் விரலிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில். அழக் கூடாது, அழுதால் மூச்சு அவள் கழுத்தில் படும். வேறு எதையாவது நினை. மிஷினில் கிடக்கிற ஜாக்கெட் யாருடையது. மாம்பழக் கலர். யாரோ கல்யாணத்துக்குப் போகப்போகிறார்கள். அம்மா அதை நாளைக்கு முடித்துவிடுவாள், கொக்கி வைத்து, கைக்குத் தையல் போட்டு, அவள் தைத்தால் உள்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரி இருக்கும். நான் டிகிரி வாங்குகிற அன்றைக்கு அவள் கட்ட ஒரு பட்டு எடுத்து வைத்திருக்கிறாள், அதற்கு ஜாக்கெட் வெட்டவில்லை, கடைசியில வெட்டுவோம், அளவு மாறிக்கிட்டே இருக்கு என்று போன வாரம்தான் சொன்னாள். அளவு மாறிக்கிட்டே இருக்கு என்றாள். நான் சரிம்மா என்றேன். எத்தனை தடவை எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறாள், நோயாளி சொல்வதைக் கேளுங்கள், பாதி நோய் அவர்கள் வாயில் இருக்கிறது என்பதையும் சிவப்பு மையில்தான் எழுதிவைத்தேன்.

விரலை எடுத்துவிட வேண்டும். ரொம்ப நேரமாகிவிட்டது. எந்தக் கழுத்தையும் இவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு டிவியில் சிரிப்பு நின்று விளம்பரம் ஓடுகிறது. அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். வழக்கமாக இதற்குள் இரண்டு தடவை கூசுது என்றிருப்பாள், கை நாலு தடவை எழுந்து கொண்டையைச் சரிசெய்திருக்கும். இவ்வளவு அமைதியாக அவள் உட்காருகிறவள் இல்லையே என்று நிமிர்ந்தேன். நேரே எதிரில் கண்ணாடி. கண்ணாடியில் அம்மாவின் முகம், அதற்கு மேலே என் முகம். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் நின்றால் முகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு நேரமும் இந்தக் கண்ணாடி முன்னால்தான் நின்றிருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். வார்டில் பழகின சிரிப்பைத் தேடினேன், வரவில்லை.

“கழுத்துல நெறிக்கட்டு இல்ல,” என்றாள் அம்மா. கண்ணாடிக்குள்ளிருந்து சொன்னாள். “அதத்தான அடுத்து சொல்லணும். மறந்துட்டியோ?”

நான் வாயைத் திறந்தேன். இல்லை என்பது நாக்கு நுனியில்தான் இருந்தது, எத்தனை ஞாயிறு பழகின சொல், தானாகவே உருண்டு வந்துவிடும். விரல் இன்னும் அதன் மேல்தான் இருந்தது. விரலை அங்கே வைத்துக்கொண்டு வாயால் இல்லை என்று சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

“இருக்கும்மா,” என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். அதிர்ச்சி ஒன்றும் இல்லை. சேலை முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கிறிஸ்துமஸ் தையல் நேரத்திலேயே தெரியும் என்றாள், டேப்பைக் கழுத்தில் தொங்கவிடும்போதெல்லாம் அந்த இடத்தில் ஏதோ தட்டுமாம், முதலில் டேப் முனையில் இருக்கிற தகடு என்று நினைத்தாளாம், டேப்பைக் கழற்றின பிறகும் இருந்ததாம். பிறகு நான் வந்தேனாம். ஸ்டூலில் உட்காரவைத்து நெறிக்கட்டு இல்லை என்று சொன்னேனாம். அப்பாடா என்று இருந்ததாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாளாம், நான் இல்லை என்பேனாம், சரி, எலும்புதான் போலிருக்கிறது, மெலிஞ்சதால எட்டிப் பாக்குது என்று இருந்துவிட்டாளாம். இதையெல்லாம் யாரோ ஒரு வாடிக்கைக்காரியின் அளவைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள், நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், பிடிக்கிற இடத்திலும் எலும்புதான் இருந்தது.

“நான் தொட்டே பாக்கலம்மா,” என்றேன். “ஒரு தடவகூட. சும்மா சொன்னேன்.”

“தொடலன்னு எனக்குத் தெரியாதா. எங் கழுத்துதான,” என்றாள் அம்மா. “தொடாமலே தெரியுற அளவுக்குப் படிச்சிட்டன்னு நெனச்சேன்.”

அவள் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். குத்தல் அவள் குரலில் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். நீலக்கட்டம், வெள்ளை, கோட்டு என்று தைத்துத் தைத்து அனுப்பினவள், இவ்வளவு காலம் அந்தப் பக்கம் என்னதான் சொல்லித்தருகிறார்கள் என்று அறியாதவள், கடைசியில் கண்ணால் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும் நிலைக்குத் தன் மகள் வந்துவிட்டாள் என்று நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையில் இத்தனை மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். நான் அவள் தலையில் முகத்தை வைத்து அழுதேன். தேங்காய் எண்ணெய் வாசம், அதோடு மிஷின் எண்ணெய் வாசமும் கொஞ்சம். அழட்டும் என்று விட்டாள். வயித்துல இருந்து வருதோ என்று கேட்டாள், இருக்கலாம்மா என்றேன், நாளைக்கே பார்த்துவிடலாம் என்றேன், நாளைக்கு ஒனக்குப் பரீட்ச என்றாள், பரீட்சை கிடக்கட்டும் என்றேன். அதெல்லாம் கிடக்காது, காலம்பற பரீட்ச, மத்தியானம் என்னைக் கூட்டிட்டுப் போ, நானும் ஒங் காலேஜ் ஆஸ்பத்திரிக்கே வாரேன், வராந்தாவுல உக்காந்திருக்கேன் என்றாள். எல்லாவற்றையும் அவளே வெட்டி வைத்துவிட்டாள், நான் தைக்க வேண்டியதுதான் பாக்கி.

பிறகு அவள் ஸ்டூலில் திரும்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டு இடது காலை நீட்டினாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

“நெறிக்கட்டுக்கு அப்புறம் கால் வீக்கம்,” என்றாள். “பாதியில விட்டா நாளைக்கும் பாதியில நிப்ப.”

தரையில் உட்கார்ந்தேன். அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மிஷின் மிதித்து மிதித்துக் காய்த்த பாதம். கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எவ்வளவு நேரம் அழுத்த வேண்டுமோ அவ்வளவு நேரம் அழுத்தினேன், அதற்கு மேலும் அழுத்தினேன். எடுத்துப் பார்த்தேன். தோல் உடனே எழும்பிக்கொண்டது. குழி விழவில்லை. தடவியும் பார்த்தேன்.

“வீக்கம் இல்லை,” என்றேன்.

“பாத்துதான சொல்லுத?”

“பாத்துதாம்மா.”

அம்மா அந்தக் காலை மடக்கிக்கொண்டு அடுத்த காலை நீட்டினாள்.